நவீன ராக் வானொலியில் அறிவிப்பாளரின் தெரிவுரிமை: அமெரிக்க வானொலி வரலாற்றை முன்வைத்து (1959–2009)

ஆய்வுச் சுருக்கம்

வானொலியில் எந்தப் பாடல் ஒலிக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யும் உரிமை அமெரிக்க ராக் வானொலியில் ஐம்பது ஆண்டுகளில் பலமுறை கைமாறியது. 1980களில் வணிக வடிவம் பெற்ற நவீன ராக் ஒலிபரப்பு, அறிவிப்பாளரின் படைப்புச் சுதந்திரத்தை மீட்டெடுத்த இயக்கம் என்றே பொதுவாக நினைவுகூரப்படுகிறது. அவ்வடிவம் நிலையத்தின் இசைப்பரப்பை விரித்தது. ஆனால் அதே வேளையில் அறிவிப்பாளரின் தனிப்பட்ட தெரிவுரிமையைச் சுருக்கியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஊழல் தடுப்பு, உரிமப் பொறுப்பு, நேயர் ஆய்வு, கணினித் திட்டமிடல், உடைமைக் குவிப்பு ஆகியன இந்த இடப்பெயர்ச்சியின் படிநிலைகளாகக் கொள்ளப்படுகின்றன. தெரிவுரிமையை இழந்த அறிவிப்பாளர் பின்னர்ப் பணியிடத்தையும் இழக்க நேர்ந்தது என்பதும், தெரிவு எங்குச் சென்றதோ அங்கேயே கையூட்டும் சென்றது என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: ராக் வானொலி, இசைத்தட்டு அறிவிப்பாளர், பண்பலை, பாடல் பட்டியல், பேயோலா, தெரிவுரிமை, ஊடக உடைமை.

முன்னுரை

இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டு இடையிடையே பேசும் வானொலி அறிவிப்பாளரை ஆங்கில வழக்கில் டிஸ்க் ஜாக்கி என்பர். அவர் பாடல் இயற்றுவதில்லை, இசையமைப்பதில்லை, பாடுவதுமில்லை. எனவே அவருக்குரிய படைப்புச் சுதந்திரம் எது என்ற ஐயம் எழுவது இயல்பு. ஒரு பாடலைத் தேர்வதும், அதற்கு முன்னும் பின்னும் எவற்றை வைப்பது என்று தீர்மானிப்பதும், அவற்றை இணைக்கும் சொற்களைத் தாமே அமைப்பதும் அவருடைய படைப்புச் செயல்களாகும். தொகைநூலில் பாடல்களைத் தேர்ந்து முறைப்படுத்திய தொகுப்பாசிரியரின் பணியை அறிந்த தமிழ் ஆய்வுலகிற்கு இது விளங்காத ஒன்றன்று.

இக்கட்டுரை அச்செயல்களைத் தெரிவு, வரிசை, பேச்சு என மூன்றாகப் பகுத்துக்கொள்கிறது. இம்மூன்றும் ஒரே காலத்தில் பறிபோகவில்லை. ஒரே கையாலும் பறிக்கப்படவில்லை. 'பெருநிறுவனங்கள் வந்தன, சுதந்திரம் போயிற்று' என்னும் எளிய விளக்கம் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகிறது. 1959ஆம் ஆண்டின் பேயோலா விசாரணையிலிருந்து 2009ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் இண்டி 103.1 நிலையம் வானலையை விட்டு நீங்கியது வரையிலான காலம் இங்கு ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகிறது. அமெரிக்க வணிக வானொலியே முதன்மைக் களம். ஒப்பீட்டுக்காக மட்டும் பிற நிலையங்கள் சுட்டப்படுகின்றன.

1. ஊழல் விசாரணையும் தெரிவின் இடமாற்றமும்

1950களின் முற்பகுதியிலேயே பாடல் பட்டியலைச் சுருக்கும் முயற்சி தொடங்கிவிட்டது. ஒமாஹா நகரில் டாட் ஸ்டார்ஸும் டல்லஸ் நகரில் கார்டன் மெக்லெண்டனும், மக்கள் மிகுதியாக விரும்பும் சில பாடல்களையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் 'டாப் 40' முறையை வளர்த்தெடுத்தனர். ஆயினும் அக்காலத்தில் ராக் அண்ட் ரோல் இசையைப் பரப்பிய அறிவிப்பாளர் பலர் தம் இசைத்தட்டுகளைத் தாமே தேர்ந்தனர். ஆலன் ஃப்ரீட் இவர்களுள் புகழ்மிக்கவர்.

தேர்பவர் ஒருவரே என்னும்போது, இசைத்தட்டு நிறுவனங்கள் அவருக்குப் பணம் கொடுத்துத் தம் பாடலை ஒலிக்கச் செய்வது எளிதாயிற்று. 'பேயோலா' எனப்பட்ட இக்கையூட்டை அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் துணைக்குழு ஒன்று ஓரன் ஹாரிஸ் தலைமையில் விசாரித்தது. 1959 நவம்பரில் ஃப்ரீட் நியூயார்க்கின் டபிள்யூ.ஏ.பி.சி நிலையத்திலிருந்து நீக்கப்பட்டார், 1962இல் வணிகக் கையூட்டுக் குற்றச்சாட்டுகள் இரண்டை ஒப்புக்கொண்டார், 1965இல் இறந்தார். 1960ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், நேயருக்கு அறிவிக்காமல் பணம் பெற்றுப் பாடலை ஒலிபரப்புவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

சட்டம் மறைவான பணத்தைத்தான் தடைசெய்தது; அறிவிப்பாளரின் தெரிவைத் தடைசெய்யவில்லை. ஆனால் நிலைய உரிமையாளர்கள் இடர்ப்பாட்டைத் தவிர்க்க விரும்பித் தெரிவுப் பொறுப்பை அறிவிப்பாளரிடமிருந்து எடுத்து நிகழ்ச்சி இயக்குநரிடமும் இசைப் பொறுப்பாளரிடமும் ஒப்படைத்தனர். பலர் தேர்ந்தால் பலரைக் கண்காணிக்க வேண்டும். ஒருவர் தேர்ந்தால் ஒருவரைக் கண்காணித்தால் போதும் என்பது இதன் நிர்வாக நியாயம். தெரிவுரிமைச் சுருக்கம் முதன்முதலில் நேர்மையின் பெயராலேயே நிகழ்ந்தது என்பதை இங்குக் கருத வேண்டும். அந்நியாயம் எவ்வளவு தூரம் பொருந்தியது என்பதைப் பின்னர் வரும் பகுதியொன்று ஆராயும்.

2. பண்பலையில் தோன்றிய வெற்றிடம்

1960களின் நடுப்பகுதிவரை அமெரிக்கப் பண்பலை நிலையங்கள் பல, தம் உரிமையாளரின் மத்திய அலை நிகழ்ச்சிகளையே மறு ஒலிபரப்புச் செய்துவந்தன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில் அவ்வாறான மறு ஒலிபரப்பு பண்பலையின் மொத்த நேரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது எனக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1964இல் விதி வகுத்தது. 1967இன் தொடக்கத்துக்குள் அது பெரும்பாலும் நடைமுறைக்கு வந்தது. விளைவாக உரிமையாளர்களுக்கு நிரப்ப வேண்டிய நேரம் மிகுதியாயிற்று. அதற்குச் செலவிட மனமும் இல்லை, அதைக் கேட்போரும் குறைவு. கண்காணிக்கத் தக்க வருமானம் இல்லாத அவ்விடத்தில்தான் அறிவிப்பாளரின் சுதந்திரம் வேர்பிடித்தது.

சான் பிரான்சிஸ்கோவில் கே.எம்.பி.எக்ஸ் நிலையம் அயல்மொழி நிகழ்ச்சியாளர்களுக்கு நேரத்தை விற்று வாழ்ந்துவந்தது. அங்கு லாரி மில்லர் நள்ளிரவு நேரத்தில் ராக் ஆல்பங்களை ஒலிபரப்பத் தொடங்கினார். 1967 ஏப்ரலில் டாம் டோனஹியூ மாலை நேரத்தை ஏற்றபின் அது முழு நிலையத்தின் இயல்பாக மாறியது. டாப் 40 நிலையத்தில் பணியாற்றி அதன் கட்டுப்பாடுகளை நேரில் அறிந்தவர் அவர். பாடல் பட்டியல் என ஒன்றில்லை. நீண்ட பாடல்களை நறுக்குவதில்லை. ப்ளூஸ், நாட்டார் இசை, ராக், இந்தியச் செவ்வியல் இசை ஆகியவற்றை அடுத்தடுத்து வைப்பதற்குத் தடையில்லை. இம்முறை 'கட்டற்ற ஒலிபரப்பு' எனப் பெயர்பெற்றது.

இச்சுதந்திரம் தொழிலாளர் உரிமையோடு பிணைந்திருந்தது என்பதற்கு 1968 மார்ச்சில் கே.எம்.பி.எக்ஸ் ஊழியர்கள் மேற்கொண்ட வேலைநிறுத்தம் சான்றாகும். ஊதியமும் நிர்வாகத் தலையீடும் அதன் காரணங்கள். வேலைநிறுத்தம் வெற்றிபெறவில்லை, டோனஹியூவும் அவருடைய குழுவினரும் கே.எஸ்.ஏ.என் நிலையத்துக்குப் பெயர்ந்தனர். நியூயார்க்கில் நிகழ்ந்தது இன்னும் விரைவானது. 1966இல் ராக் ஒலிபரப்பைத் தொடங்கிய டபிள்யூ.ஓ.ஆர்-எஃப்.எம் நிலையம், மறு ஆண்டே டாப் 40 வல்லுநர் பில் டிரேக்கின் ஆலோசனையை ஏற்றது. ராஸ்கோ என அறியப்பட்ட பில் மெர்சர், தாம் விரும்பும் இசையைத் தேர இயலாத நிலையைச் சுட்டி 1967 அக்டோபரில் ஒலிபரப்பிலேயே பதவி விலகினார். கட்டற்ற ஒலிபரப்பு பிறந்த ஆண்டிலேயே அதன் முதல் பணித்துறப்பும் நிகழ்ந்துவிட்டது.

3. உரிமப் பொறுப்பும் ஆலோசகர்களும்

1971 மார்ச்சில் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் வெளியிட்ட அறிவிப்பு, போதைப்பொருளைப் போற்றும் பாடல்கள் குறித்து உரிமதாரர்களை எச்சரித்தது. ஒலிபரப்பாகும் பாடலின் பொருளை நிலையப் பொறுப்பாளர் ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். யேல் பல்கலைக்கழக மாணவர் நிலையம் தொடுத்த வழக்கில் 1973இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் நிலைப்பாட்டை ஏற்றது. உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள மறுத்தது. எப்பாடலையும் ஆணையம் வெளிப்படையாகத் தடைசெய்யவில்லை. எனினும் அறிவிப்பாளர் அந்த நொடியில் விரும்பித் தேரும் பாடலுக்கு உரிமையாளர் முன்கூட்டியே பொறுப்பேற்க இயலாது. எனவே பட்டியல் சட்டத்துக்கு உகந்த காப்பாகத் தோன்றியது.

இதே காலத்தில் பண்பலையின் நேயர் எண்ணிக்கை வளர்ந்து அதன் வணிக மதிப்பும் உயர்ந்தது. ஏ.பி.சி நிறுவனத்தின் பண்பலை நிலையங்கள் 1971இல் பட்டியல் முறைக்கு மாறின. வட கரோலினாவின் ராலி நகரிலுள்ள டபிள்யூ.கியூ.டி.ஆர் நிலையத்தில் லீ ஏப்ரம்ஸ் உருவாக்கிய 'சூப்பர்ஸ்டார்ஸ்' வடிவம், பின்னர் கென்ட் பர்க்கார்டுடன் அவர் நடத்திய ஆலோசனை நிறுவனத்தின் வழியாகப் பல நகரங்களுக்குப் பரவியது. ஆல்பம் வாங்குவோரிடம் விருப்பங்களைக் கேட்டறிந்து, அவ்விருப்பங்களுக்கேற்பப் பாடல்களை வகைப்படுத்துவது அதன் அடிப்படை.

நிலையங்களில் இது அட்டைப்பெட்டி முறையாக நடைமுறைப்பட்டது. ஒவ்வொரு பாடலுக்கும் ஓர் அட்டை, வகைக்கொரு நிறம். ஒரு மணி நேரத்தை வட்டமாக வரைந்த கடிகாரப் படம், எந்த நிமிடத்தில் எந்த நிற அட்டையை எடுக்க வேண்டும் என்று காட்டும். அறிவிப்பாளர் முன்னிருக்கும் அட்டையை எடுத்துப் பாடலை ஒலிக்கவிட்டு அதைக் கடைசியில் செருக வேண்டும். அடுத்தடுத்துள்ள சில அட்டைகளுக்குள் ஒன்றைத் தேரும் சிறு இடைவெளி மட்டும் அவருக்கு எஞ்சியது. தெரிவு பெரும்பாலும் போயிற்று. வரிசையில் ஒரு பகுதி எஞ்சியது. பேச்சு இன்னும் அவருடையதாக இருந்தது.

இவ்வடிவம் நேயர்களை ஈர்த்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் முன்பே அறிந்த பாடல்களையே ஆய்வு அளக்க வல்லது. கேட்டிராத பாடலைப் பற்றி எவரும் கருத்துக் கூற முடியாது. எனவே 1970களின் பிற்பகுதியில் தோன்றிய பங்க், நியூ வேவ் இசைவகைகளுக்கும், கறுப்பினக் கலைஞர்கள் பலருக்கும் ஆல்பம் ராக் நிலையங்களின் கதவு திறக்கவில்லை. நவீன ராக் வடிவம் இந்த அடைப்பிலிருந்துதான் பிறந்தது.

4. நவீன ராக்: புதிய இசை, பழைய முறை

லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தின் கே.ஆர்.ஓ.கியூ நிலையம் நிதி நெருக்கடியால் 1974இல் ஒலிபரப்பை நிறுத்தி, 1976இல் மீண்டும் தொடங்கியது. இழப்பதற்கு அதிகம் இல்லாத அந்நிலையத்தில் 1976 முதல் ராட்னி பிங்கன்ஹைமர் தம் நிகழ்ச்சியில் ரமோன்ஸ், பிளாண்டி முதலிய குழுக்களை அறிமுகப்படுத்தினார். அவருடைய தெரிவு அவருடையதாகவே இருந்தது. கே.எம்.பி.எக்ஸ் வரலாறு இங்கு மீளக் காணப்படுகிறது: வருவாய் குன்றிய இடத்தில் சுதந்திரம் தழைத்தது.

1970களின் முடிவில் நிகழ்ச்சி இயக்குநர் ரிக் கேரல் இந்நிலையத்துக்கு 'எண்பதுகளின் ராக்' என்னும் வடிவத்தை அளித்தார். நவீன ராக் வானொலியின் வணிக முன்மாதிரி இதுவே. கேரல் செய்தது கட்டற்ற ஒலிபரப்பை மீட்பதன்று. டாப் 40 நிலையங்களின் இறுக்கமான சுழற்சி முறையை நியூ வேவ் இசைக்குப் பொருத்தினார். பெருநிறுவனங்கள் புறக்கணித்த பாடல்கள் இப்போது நாள்தோறும் பலமுறை ஒலித்தன. நேயருக்கு இது பெரும் விடுதலையாகவே தோன்றியிருக்கும். அறிவிப்பாளரின் நோக்கில் பார்த்தால், பட்டியலின் உள்ளடக்கம் மாறியது, பட்டியல் மாறவில்லை.

நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் டபிள்யூ.எல்.ஐ.ஆர் நிலையம் 1982 ஆகஸ்டில் டெனிஸ் மெக்னமாராவின் தலைமையில் இதே திசையில் திரும்பியது. பிரிட்டனில் வெளியாகும் இசைத்தட்டுகளை அமெரிக்க வெளியீட்டுக்குக் காத்திராமல் வருவித்து ஒலிபரப்பியது அதன் தனித்தன்மை. வாரத்தின் சிறந்த புதுப்பாடலை நேயர் வாக்களித்துத் தேரும் வழக்கமும் அங்கிருந்தது. இங்குத் தெரிவு ஒரு சிறு குழுவின் கூட்டுச் செயலாக இருந்தது. ஆலோசகரின் அலுவலகத்துக்குச் சென்றிருக்கவில்லை. உரிமம் தொடர்பான நெடிய வழக்கின் முடிவில் 1987 டிசம்பரில் அந்நிலையம் தன் அலைவரிசையை இழந்தது. அதற்குள் சான் டியேகோ வட்டாரத்தில் 91எக்ஸ், சான் பிரான்சிஸ்கோவில் லைவ் 105 என அவ்வடிவம் பரவிவிட்டது.

1986இல் கே.ஆர்.ஓ.கியூ நிலையத்தை இன்ஃபினிட்டி நிறுவனம் 4.5 கோடி டாலருக்கு வாங்கியது. 1988 செப்டம்பர் 10ஆம் நாளிட்ட பில்போர்டு இதழ் 'மாடர்ன் ராக் டிராக்ஸ்' எனும் தரவரிசையைத் தொடங்கியது. சூசி அண்ட் த பான்ஷீஸ் குழுவின் பாடல் அதன் முதலிடத்தைப் பெற்றது. விலையும் தரவரிசையும் அமைந்தபின் நவீன ராக் விளிம்பிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட வணிக வகைமையாயிற்று. தரவரிசை, ஒரு நகர அறிவிப்பாளரின் செவியைக் காட்டிலும் பிற நகரங்களின் பட்டியல்களை நம்பத்தக்க வழிகாட்டியாக ஆக்கியது. 1991இல் நிர்வாணா குழு பெற்ற பெருவெற்றிக்குப் பின் இவ்வடிவத்துக்கு மாறிய நிலையங்கள் பல, அதன் இசையையும் சுழற்சி முறையையும் ஒருசேர ஏற்றன.

நிர்வாணாவின் எடுத்துக்காட்டு மற்றொரு வகையிலும் பொருளுடையது. அக்குழுவின் முதல் ஆல்பத்தை 1989இல் வெளியிட்ட சப் பாப் நிறுவனத்தைத் தொடங்கிய புரூஸ் பாவிட், ஜோனதன் போன்மன் இருவரும் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கே.சி.எம்.யூ நிலையத்தில் நிகழ்ச்சி வழங்கியவர்கள். தம் விருப்பப்படி உள்ளூர்ப் பாடல்களை ஒலிபரப்ப இயன்ற அறிவிப்பாளர்களே பின்னர் அவ்விசையின் வெளியீட்டாளர்களாயினர். வணிக நிலையங்கள் 1990களில் சுழற்சியில் விட்ட இசைக்கு, அதற்கு முன் எங்கோ ஓர் அறிவிப்பாளரின் சொந்தத் தெரிவு தேவைப்பட்டிருந்தது. வணிக முறை தனக்கு வேண்டிய புதுமையைத் தான் ஏற்காத சுதந்திரத்திடமிருந்தே பெற்றது என்பது இதன்வழிப் புலனாகிறது.

5. கணினியும் கணக்கெடுப்பும்

1979இல் ஆண்ட்ரூ இக்கானமோஸ் தொடங்கிய ரேடியோ கம்ப்யூட்டிங் சர்வீசஸ் நிறுவனத்தின் 'செலக்டர்' மென்பொருள், அட்டைப்பெட்டியின் இடத்தைக் கணினிக்கு அளித்தது. ஒரு பாடல் எத்தனை மணிக்கொருமுறை வரலாம், ஒரே கலைஞரின் இரு பாடல்களுக்கிடையே எவ்வளவு நேரம் இருக்க வேண்டும், விரைவான பாடலுக்குப் பின் எவ்வகைப் பாடல் வரலாம் என்பனவற்றை நிகழ்ச்சி இயக்குநர் விதிகளாக இட்டால், முழு நாளின் வரிசையையும் அது அச்சிட்டுத் தரும். அட்டை முறையில் அறிவிப்பாளர் சிறிது மீறலாம். அச்சிட்ட வரிசையை மீறினால் பதிவில் தெரிந்துவிடும். இரண்டாம் கூறாகிய வரிசையும் இவ்வாறு அவரிடமிருந்து நீங்கியது.

இம்மாற்றத்தில் பயனே இல்லை எனக் கூறுவது நேர்மையாகாது. தனிமனித விருப்பத்துக்கு விடப்பட்ட ஒலிபரப்பில் ஒருவரின் பழக்கங்களே மீண்டும் மீண்டும் ஒலிக்கக் கூடும். கட்டற்ற ஒலிபரப்பாளர்களுள் எல்லாருக்கும் டோனஹியூவின் இசையறிவு இருந்திருக்க இயலாது. காலையில் கேட்பவருக்கும் மாலையில் கேட்பவருக்கும் ஒரே நிலையம் என்ற உணர்வைத் தர ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது. ஆயினும் ஒழுங்குக்காக வந்த கருவி, நேயர் ஆய்வோடு இணைந்தபோது பட்டியலைச் சுருக்கும் கருவியாயிற்று. பாடலின் சில நொடிகளைத் தொலைபேசியில் ஒலிக்கவிட்டுக் கருத்துக் கேட்கும் ஆய்வில், தெரியாத பாடல் தோற்பதும் தெரிந்த பாடல் வெல்வதும் எதிர்பார்க்கத் தக்கவை. ஆல்பம் ராக் நிலையங்களை எந்த முறை அடைத்ததோ, அதே முறையை அவற்றின் மாற்றாகப் பிறந்த நவீன ராக் நிலையங்களும் ஏற்றுக்கொண்டன.

தெரிவுரிமை முற்றிலும் அழியவில்லை. வாரத்தின் ஓரங்களுக்கு ஒதுக்கப்பட்டது. பிங்கன்ஹைமரின் நிகழ்ச்சி காலப்போக்கில் ஞாயிறு நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்துக்குத் தள்ளப்பட்டு 2017 வரை நீடித்தது. நியூயார்க்கின் வின் செல்சா பட்டியல் முறையை ஏற்க விரும்பாமல் 1982இல் டபிள்யூ.என்.இ.டபிள்யூ-எஃப்.எம் நிலையத்தை விட்டு விலகினார். பின்னர் மற்றொரு நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில்தான் தம் முறையைத் தொடர முடிந்தது. 'சிறப்பு நிகழ்ச்சி' என்ற பெயரே, பிற நேரங்களில் தெரிவு இயல்பானதன்று என்பதை ஒப்புக்கொள்கிறது.

6. உடைமைக் குவிப்பும் குரலின் பெயர்ச்சியும்

1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் வைத்திருக்கத்தக்க வானொலி நிலையங்களின் எண்ணிக்கை வரம்பை நீக்கியது. அதற்கு முன் அவ்வரம்பு மத்திய அலையில் 20, பண்பலையில் 20 என இருந்தது. மிகப்பெரிய நகரங்களில் ஒரே நிறுவனம் 8 நிலையங்கள்வரை வைத்திருக்க இயன்றது. சில ஆண்டுகளுக்குள் கிளியர் சேனல் நிறுவனம் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்களின் உரிமையாளராயிற்று.

இவ்வளவு நிலையங்களை வாங்குவதற்குப் பெற்ற கடனைத் தீர்க்கச் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. குரல்பதிவு முறை அதற்கு வழியாயிற்று. ஒரு நகரிலுள்ள அறிவிப்பாளர் பாடல்களுக்கிடையிலான பேச்சை மட்டும் பதிவுசெய்து பல நகரங்களின் நிலையங்களுக்கு அனுப்புவார். பாடலும் பேச்சும் கணினியால் கோக்கப்படும். நான்கு மணி நேர நிகழ்ச்சிக்குரிய பேச்சை ஒரு மணிக்கும் குறைவான நேரத்தில் பதிவுசெய்துவிடலாம்.

முன்பே நிகழ்ந்த மாற்றங்கள் இல்லையெனில் இது இயன்றிருக்காது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும். பாடலைத் தேர்பவர் நிலையத்தில் இருக்க வேண்டும். இசைத்தட்டகத்தை அறிந்திருக்க வேண்டும். அந்நகரின் மாலை மழையையும் நேற்றைய இசை நிகழ்ச்சியையும் உணர்ந்து அடுத்த பாடலைத் தீர்மானிக்க வேண்டும். தெரிவும் வரிசையும் நீங்கியபின் எஞ்சியது குரல் மட்டுமே. குரலைப் பதிவுசெய்யலாம், அனுப்பலாம், ஒன்றைப் பலவாக்கலாம். ஆகவே உடைமைக் குவிப்பு சுதந்திரத்தைப் பறித்தது என்பதைவிட, சுதந்திரம் முன்பே பறிக்கப்பட்டிருந்தமையால் உடைமைக் குவிப்பு பணியிடத்தையும் பறிக்க இயன்றது என்பதே பொருந்தும். படைப்புச் சுதந்திரம் என்பது கலைஞரின் மனநிறைவு பற்றிய வினாவாக மட்டும் தோன்றலாம். இவ்வரலாற்றில் அது வேலைப் பாதுகாப்பின் வினாவாகவும் இருந்தது.

7. கையூட்டின் புதிய முகவரி

அறிவிப்பாளரிடமிருந்து தெரிவை நீக்கியதற்குக் கூறப்பட்ட முதற்காரணம் ஊழல் தடுப்பு. அந்நோக்கம் நிறைவேறியதா என்பதற்கு 2000களின் நிகழ்வுகள் விடையளிக்கின்றன. இசைத்தட்டு நிறுவனங்கள் 'தனி விளம்பர முகவர்கள்' எனப்பட்ட இடைத்தரகர்கள் வழியாக நிலையங்களுக்குப் பணம் செலுத்திவந்தன. கிளியர் சேனல் 2003இல் அம்முகவர்களுடனான உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது.

நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் மேற்கொண்ட விசாரணையின் முடிவில் சோனி பி.எம்.ஜி நிறுவனம் 2005 ஜூலையில் 1 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. அதே ஆண்டில் வார்னர் 50 லட்சம் டாலரும், 2006இல் யுனிவர்சல் 1.2 கோடி டாலரும் செலுத்தின. 2007இல் கிளியர் சேனல், சி.பி.எஸ் ரேடியோ, சிட்டடல், என்டர்காம் ஆகிய நான்கு வானொலி நிறுவனங்கள் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1.25 கோடி டாலர் செலுத்தின.

1959இல் குற்றம் சாட்டப்பட்டவர் அறிவிப்பாளர். அரை நூற்றாண்டுக்குப்பின் பணம் செலுத்தியவை நிறுவனங்கள். கையூட்டுக்குக் காரணம் அறிவிப்பாளரின் தெரிவுரிமை என்று கருதியது பிழை என இதனால் தெளிவாகிறது. தெரிவு எவரிடம் உள்ளதோ அவரையே பணம் நாடும். பலரிடம் பரவியிருந்த தெரிவு சிலரிடம் குவிந்தபோது, ஒரே கொடுக்கல் வாங்கலின் மூலம் பல நகரங்களின் செவிகளை எட்ட முடிந்தது.

8. எஞ்சிய களங்கள்

வணிக வானலையில் தெரிவுரிமையை மீட்கும் முயற்சிகளுள் இண்டி 103.1 குறிப்பிடத்தக்கது. 2003 டிசம்பரில் தொடங்கிய இந்நிலையத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் ஸ்டீவ் ஜோன்ஸ் பகல் நேரத்தில் தம் விருப்பப்படி பாடல்களை ஒலிபரப்பினார். ஓரத்துக்கு ஒதுக்கப்பட்ட தெரிவு நண்பகலுக்குத் திரும்பியது. விமரிசகர்களின் பாராட்டைப் பெற்ற இந்நிலையம் 2009 ஜனவரியில் பண்பலையை விட்டு நீங்கி இணைய ஒலிபரப்பாக மாறியது; அதன் அலைவரிசை ஸ்பானிய மொழி இசைக்குச் சென்றது. 1960களின் இறுதியிலிருந்து கட்டற்ற ஒலிபரப்பு மரபைக் கொண்டிருந்த மேரிலாந்தின் டபிள்யூ.எச்.எஃப்.எஸ் நிலையமும் 2005 ஜனவரியில் இவ்வாறே மாறியிருந்தது. இவற்றை ஆங்கில ராக் இசையின் இழப்பாக மட்டும் கருதலாகாது. அந்நகரங்களில் பெருகிய ஸ்பானிய மொழி நேயர்களும் வானலைக்கு உரியவர்களே. ஒரே அலைவரிசையில் கூடுதல் வருவாய் தருவது எது என்பதே இரண்டிலும் தீர்மானித்த வினா.

நிலைத்து நின்ற சுதந்திரம் பெரும்பாலும் விளம்பர வருவாயைச் சாராத நிலையங்களில் காணப்படுகிறது. கே.சி.எம்.யூ 2001இல் கே.இ.எக்ஸ்.பி எனப் பெயர் மாறியபின்னும் அதன் அறிவிப்பாளர்களே பெரும்பாலான பாடல்களைத் தேர்கின்றனர். செல்சா 2001 முதல் 2015 வரை ஃபோர்டம் பல்கலைக்கழக நிலையத்தில் தம் நிகழ்ச்சியை வழங்கினார். பிரிட்டனில் ஜான் பீல் 1967 முதல் 2004இல் மறையும்வரை பி.பி.சி ரேடியோ 1 அலைவரிசையில் தாம் தேர்ந்த இசையையே ஒலிபரப்ப முடிந்தது. எனினும் வணிகம் சாராமை மட்டும் போதிய காப்பன்று. கே.சி.எம்.யூ நிலையத்திலேயே 1990களின் தொடக்கத்தில் நிர்வாகத்துக்கும் தன்னார்வ அறிவிப்பாளர்களுக்கும் இடையே மோதல் எழுந்தது; நிலையத்தின் கொள்கையை ஒலிபரப்பில் விமரிசிக்கக் கூடாது என்ற விதி நீதிமன்றம்வரை சென்றது. அங்குப் பூசலுக்குரியதாக இருந்தது மூன்றாம் கூறாகிய பேச்சு.

முடிவுரை

அமெரிக்க ராக் வானொலியில் அறிவிப்பாளரின் படைப்புச் சுதந்திரம் கொள்கையாக வழங்கப்பட்டதன்று; வருவாயும் கண்காணிப்பும் குன்றிய இடைவெளிகளில் அது தோன்றியது. 1967இல் பண்பலையும் 1976இல் கே.ஆர்.ஓ.கியூவும் அத்தகைய இடைவெளிகள். அச்சுதந்திரம் ஈட்டித்தந்த வெற்றியே அவ்விடைவெளிகளை விலைமதிப்புள்ளவையாக்கி, அதன் முடிவுக்கும் வழிவகுத்தது.

நவீன ராக் வடிவம் இவ்வரலாற்றில் இருமுகம் கொண்டது. புறக்கணிக்கப்பட்ட இசைக்கு அது வானலையைத் திறந்தது; திறந்த முறையோ டாப் 40 வானொலியின் சுழற்சி முறை. நிலையத்தின் இசைப்பரப்பு விரிவதையும் அறிவிப்பாளரின் தெரிவுரிமை விரிவதையும் ஒன்றெனக் கருதினால் இவ்விருமை மறைந்துவிடும். தெரிவு, வரிசை, பேச்சு என்னும் பகுப்பு அதனைக் காண உதவுகிறது. தெரிவை ஊழல் அச்சமும் உரிமப் பொறுப்பும், வரிசையைக் கணினியும், பேச்சைக் குரல்பதிவு முறையும் அடுத்தடுத்துப் பிரித்தன. ஒவ்வொரு படியும் தனித்து நோக்கும்போது நியாயமுடையதாகவே தோன்றியது. மூன்றும் சேர்ந்தபோது அறிவிப்பாளர் நிலையத்தில் இருக்கத் தேவையற்றவரானார்.

பாடலை ஒருவர் தேர்ந்தார் என்பதன் பொருள், அத்தெரிவுக்கு ஒருவர் பெயரளவிலேனும் பொறுப்பேற்றார் என்பதாகும். ஃப்ரீட் தண்டிக்கப்பட்டதும் அப்பெயர் இருந்தமையால்தான். விதிகளும் ஆய்வுத் தரவுகளும் தேரும் ஒலிபரப்பில், பிழைக்கும் பெயரில்லை, கண்டுபிடிப்புக்கும் பெயரில்லை. பாடல் பரிந்துரை பெரிதும் கணிமுறைகளின் பொறுப்பாகிவரும் இன்றைய நிலையில், எந்தெந்த முடிவுகள் மனிதரிடமிருந்து எந்தெந்தக் காரணங்களால் நீங்கின என்று படிப்படியாகப் பிரித்தறியும் முறை, பிறமொழி வானொலிகளின் வரலாற்றை எழுதப் புகுவோருக்கும் பயன்படும்.